தங்கிச் செல்வோர் தந்த சொற்கள்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர், தம் பெயரைச் சொல்லக் கற்றவுடன் அடுத்ததாகக் கற்பது தாம் குடியிருக்கும் இடத்தைச் சொல்வதே. பிரெஞ்சு மொழிப் பாடநூல்களும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. 'நீர் எங்கே குடியிருக்கிறீர்?' என்னும் வினாவும், அதற்கு விடையாக ஊர், தெரு, வீடு, மாடி, அறை ஆகியவற்றின் பெயர்களும் தொடக்கப் பாடங்களிலேயே இடம்பெற்றுவிடுகின்றன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்கின்றனர். ஆயினும், அச்சொற்கள் ஒவ்வொன்றும் நெடிய வரலாறு ஒன்றைச் சுமந்து நிற்கின்றன. வீட்டினுள் இருந்தவர் யார், வாயிலில் நின்றவர் யார், கதவைத் திறந்தவர் யார், அடைத்தவர் யார் என்பதை அவை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

குடியிருத்தலைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் வினைச்சொற்கள் பல உண்டு. 'அபித்தே' என்பது ஒன்று. உடைமை கொள்ளுதலைக் குறிக்கும் 'ஹாபேரே' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. 'லொஜே' என்பது மற்றொன்று. இலை தழைகளால் அமைத்த பந்தலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லே அதன் மூலம். மூன்றாவது 'தெமெரே'. காலம் தாழ்த்துதல், சற்றே நின்று செல்லுதல் என்பது அதன் முதற்பொருள். ஆக, உடைமை, பந்தல், தாமதம் ஆகிய மூன்று எண்ணங்கள் ஒரே வினாவிற்குள் ஒளிந்து கிடக்கின்றன.

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், இயேசுவைப் பின்தொடர்ந்த சீடர் இருவர் அவரிடம் இவ்வினாவையே கேட்கின்றனர். பிரெஞ்சுத் திருச்சபையின் வழிபாட்டு மொழிபெயர்ப்பில் அங்கே நிற்பது 'தெமெரே' என்னும் வினையாகும். ஆண்டவர் தம் முகவரியைக் கூறவில்லை. வந்து பார்க்குமாறு அழைத்தார். அவர்களும் சென்று அன்று அவரோடு தங்கினார்கள். குடியிருப்பைப் பற்றிய வினாவிற்கு விருந்தோம்பலே விடையாயிற்று. பிரெஞ்சு மொழியின் வீட்டுச் சொற்களது வரலாறு இந்த விடையை எவ்வாறு காத்தது, எங்கே மறந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மாளிகை மறைந்தது, குடிசை நிலைத்தது

உரோமையரின் இலத்தீனில் இல்லத்திற்குரிய பெருமைமிக்க சொல் 'தோமுஸ்' என்பதாகும். நகரச் செல்வரின் இல்லம், அதன் தலைவர், மனைவி மக்கள், அடிமைகள், குலதெய்வங்கள் ஆகிய அனைத்தையும் அச்சொல் தழுவி நின்றது. அவ்வில்லத்தின் தலைவர் 'தோமினுஸ்' எனப்பட்டார். இலத்தீன் வழிபாட்டில் ஆண்டவர் என்று இறைவனை விளிக்கும் சொல்லும் அதுவே.

'கோல்' என அன்று அழைக்கப்பட்ட பிரான்சு நிலப்பகுதியில் இலத்தீன் பரவி, மக்கள் நாவில் உருமாறி, பிரெஞ்சு மொழியாக மலர்ந்தபோது வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 'தோமுஸ்' என்னும் சொல் மக்கள் வழக்கில் வீட்டைக் குறிக்கும் தகுதியை இழந்தது. அதன் கிளைகள் மட்டும் ஆங்காங்கே எஞ்சின. சட்டம் பேசும் 'தொமிசில்' என்னும் உறைவிடத்திலும், பணியாளரைக் குறிக்கும் 'தொமெஸ்திக்' என்னும் சொல்லிலும், இத்தாலி வழியாக வந்து ஆலயக் குவிமாடத்தைக் குறிக்கும் 'தோம்' என்னும் சொல்லிலும் அதனைக் காணலாம். அறமன்றமும் பணியாளரும் ஆலயமும் அச்சொல்லைப் பகிர்ந்துகொண்டன. இல்லத்தலைவருக்கு அது இல்லாமற் போயிற்று.

அதன் இடத்திற்கு வந்தவை இரண்டு எளிய சொற்கள். ஒன்று 'காசா'. இலத்தீனில் குடிசை என்று பொருள்படும் இச்சொல், இத்தாலியிலும் எசுப்பானியாவிலும் வீட்டின் பொதுப்பெயராக உயர்ந்தது. பிரெஞ்சு மொழியிலோ அது தேய்ந்து தேய்ந்து 'ஷே' என்னும் சிறு இடைச்சொல்லாயிற்று. 'ஷே முவா' என்றால் என்னிடத்தில், என் வீட்டில் என்பது பொருள். ஒருவர் தமக்குரிய இடத்தில் மனம் ஒன்றி இருக்கும் நிலையைப் பிரெஞ்சு மக்கள் இச்சிறு சொல்லைக் கொண்டே உணர்த்துகின்றனர். தமிழிலும் இல்லத்தைக் குறிக்கும் 'இல்' என்னும் பெயரும், இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமை உருபாகிய 'இல்' என்பதும் வடிவில் ஒன்றாயிருப்பதை நாம் அறிவோம். வீடு இருந்தால்தான் ஒருவருக்கு இடம் உண்டு என்பதை இரு மொழிகளின் இலக்கணமும் ஒருங்கே சொல்வதுபோல் தோன்றுகிறது.

மற்றொரு சொல் 'மெசோன்'. இன்று வீட்டிற்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பொதுப்பெயர் இதுவே. 'தங்கு' என்று பொருள்படும் 'மனேரே' என்னும் இலத்தீன் வினையினின்று பிறந்த 'மான்சியோ' என்பது இதன் தாய்ச்சொல். உரோமைப் பேரரசின் நெடுஞ்சாலைகளில், அரசு அலுவலர் இரவு தங்கிக் குதிரை மாற்றிச் செல்வதற்கென அமைந்த நிலையங்களுக்கு 'மான்சியோ' என்பதே பெயர். வழிப்போக்கர் ஓர் இரவு தங்கிய இடத்தின் பெயரே ஒரு நாட்டு மக்கள் அனைவரின் வீட்டிற்கும் பெயராயிற்று.

கிறித்தவராகிய நமக்கு இதில் மேலும் ஓர் இன்பம் உண்டு. இறுதி இரவுணவின்போது, தம் தந்தையின் இல்லத்தில் உறைவிடங்கள் பல உள்ளன என்று இயேசு சீடரைத் தேற்றியதை யோவான் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம் கூறுகிறது. புனித எரோணிமுஸின் இலத்தீன் விவிலியத்தில் அவ்வசனத்தில் இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. தந்தையின் இல்லம் 'தோமுஸ்'; நமக்கென உள்ள உறைவிடங்கள் 'மான்சியோ'. உரிமையாளரின் சொல் இறைவனுக்கு. தங்குவோரின் சொல் நமக்கு. பிரெஞ்சு மக்கள் விவிலியம் பார்த்துத் தம் சொல்லைத் தேர்ந்தனர் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் அவர்கள் நாவில் எஞ்சிய சொல், மண்ணுலகில் மனிதர் தங்கிச் செல்வோரே என்னும் உண்மையோடு ஒத்திருப்பது சிந்திக்கத்தக்கது. எம்மாவு ஊருக்கு வழிநடந்த சீடர் இருவர் அந்நியர் ஒருவரைத் தங்களோடு தங்குமாறு வற்புறுத்திய இடத்திலும் இலத்தீன் விவிலியம் 'மனேரே' என்னும் வினையையே வழங்குகிறது.

அடுப்பும் பங்கும்

நடுக்காலப் பிரான்சில் ஒரு குடும்பத்தின் அடையாளம் அதன் அடுப்பு. நெருப்பைக் குறிக்கும் 'ஃபெ' என்னும் சொல்லே குடும்பத்தையும் குறித்தது. 1328-ஆம் ஆண்டு, ஆறாம் பிலிப்பு மன்னரின் ஆட்சித் தொடக்கத்தில், அரசின் நேரடி ஆளுகைக்குட்பட்ட பகுதிகளில் கணக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. தலைகளை எண்ணாமல் அடுப்புகளை எண்ணினர். ஏறத்தாழ 24,000 பங்குகளில் 24 இலட்சத்து 70 ஆயிரம் அடுப்புகள் பதிவாயின. வரி விதிப்பதற்கும் படை திரட்டுவதற்கும் அரசுக்கு இக்கணக்கு வேண்டியிருந்தது. பொது அடுப்பில் உண்போர் ஒரு குடும்பம் என்பதே அதன் அளவுகோல்.

அடுப்பைச் சுட்டும் 'ஃபோக்குஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்த 'ஃபுவாயே' இன்றும் அடுப்பங்கரையையும் குடும்பத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. வருமான வரிக்கெனக் குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்ளும் பிரெஞ்சு அரசு இன்றும் அதனை 'வரி அடுப்பு' என்று பொருள்படும் தொடராலேயே அழைக்கிறது. இளந்தொழிலாளர் தங்கும் விடுதிகளும் 'ஃபுவாயே' எனப்படுகின்றன. அடுப்பும் இல்லை, இடமும் இல்லை என்பது பிரெஞ்சு மொழியில் கதியற்றவரைக் குறிக்கும் பழைய மரபுத்தொடர்.

அக்கணக்கெடுப்பில் அடுப்புகளைத் தொகுத்த அலகு, பங்கு. பிரெஞ்சு மொழியில் 'பருவாஸ்' என்னும் இச்சொல்லின் மூலம் 'பரோய்கியா' என்னும் கிரேக்கச் சொல்லாகும். சொந்த ஊரல்லாத ஓரிடத்தில், குடியுரிமையின்றி, அயலாராய் அருகிருந்து வாழ்தல் என்பது அதன் பொருள். பேதுருவின் முதல் திருமுகம் கிறித்தவரின் மண்ணுலக வாழ்வை இச்சொல்லாலேயே குறிக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்கு எழுதிய மடல், இரு சபைகளையும் அந்தந்த நகரில் அந்நியராய்த் தங்கியிருப்பவை என்றே அறிமுகம் செய்கிறது. பிற்காலத்தில் எல்லைகளும் பதிவேடுகளும் உடைய நிலையான அமைப்பாகப் பங்கு வளர்ந்தது. 1539-ஆம் ஆண்டு வில்லேர்-கொத்ரே ஆணையின்படி திருமுழுக்குப் பதிவேடுகளைப் பங்குகள் முறையாகப் பேணத் தொடங்கின. ஒருவர் எவ்வூரார் என்பதற்குப் பங்கே சான்றாயிற்று. 1792-ஆம் ஆண்டு செப்டம்பரில் புரட்சி அரசு அப்பணியை நகராட்சிக்கு மாற்றும்வரை அந்நிலை நீடித்தது. அயலாரின் கூட்டம் என்று பெயர் பூண்ட ஒன்று, இவர் நம்மவர், அவர் அயலார் எனப் பிரித்துக் காட்டும் கருவியாகவும் ஆனது வரலாற்றின் முரண்.

விருந்தினரின் இல்லம்

'ஓத்தெல்' என்னும் பிரெஞ்சுச் சொல்லை நாம் உணவு விடுதியின் பெயராக அறிவோம். விருந்தினரைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இது, ஒருகாலத்தில் வந்தோரை ஏற்கும் எந்த இல்லத்தையும் குறித்தது. பின்னர் அதன் கிளைகள் பலவாயின. உயர்குடியினரின் நகர மாளிகையும் 'ஓத்தெல்', நகரமன்றக் கட்டடமும் 'ஓத்தெல்', பணம் பெற்றுத் தங்கவைக்கும் விடுதியும் 'ஓத்தெல்'. நோயுற்ற ஏழைகளைப் பேணும் மருத்துவமனை மட்டும் 'ஓத்தெல்-தியே', அதாவது கடவுளின் விருந்தில்லம் என்னும் பெயர் பெற்றது.

பாரிசு நகரின் 'ஓத்தெல்-தியே' ஏழாம் நூற்றாண்டில் ஆயர் புனித லாந்திரி அவர்களால் தொடங்கப்பட்டதென்பது மரபு. நோத்திரு-தாம் பேராலயத்தின் அருகிலேயே அது நின்றது. வழிபடும் இல்லமும் பேணும் இல்லமும் அண்டை வீடுகள் என்பது அக்கால மக்களின் எண்ணம். பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் நகரில் 1443-ஆம் ஆண்டு அரசவைத் தலைவர் நிக்கொலா ரொலேன், தம் மனைவி கிகோன் தெ சலேனுடன் சேர்ந்து மற்றொரு 'ஓத்தெல்-தியே' நிறுவினார். போராலும் பஞ்சத்தாலும் நாடு நலிந்திருந்த காலம் அது. ஏழைகளின் பெருங்கூடத்தில் கட்டில்கள் வரிசையாக நின்றன. கூடத்தின் ஒரு முனையிலேயே சிற்றாலயம் அமைந்தது. படுத்த படுக்கையிலிருந்தே நோயாளர் திருப்பலி காண முடிந்தது. 1971-ஆம் ஆண்டுவரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அக்கட்டடத்தில் நோயாளர் பேணப்பட்டனர். வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரையைக் காண இன்று பயணிகள் திரளாக வருகின்றனர்.

இச்சொற்குடும்பத்தில் 'ஓத்' என்னும் சொல் ஒன்றுண்டு. வரவேற்பவரையும் அது குறிக்கும். வரவேற்கப்படுபவரையும் அதுவே குறிக்கும். யார் வீட்டார், யார் விருந்தினர் என்பதை முன்பின் சொற்களைக் கொண்டுதான் உணர வேண்டும். எம்மாவு இல்லத்தில் விருந்தினராக அழைக்கப்பட்டவரே அப்பத்தை எடுத்துப் பிட்டு வழங்கும் வீட்டாராக மாறியதை எண்ணினால், இச்சொல்லின் இருபொருள் நமக்குத் தடையாக இராது.

சன்னலுக்கு வரி, மாடிக்குத் தகுதி

புரட்சிக்குப் பிந்திய பிரான்சில் வீடு மேலும் நுணுக்கமாக அளக்கப்பட்டது. 1798-ஆம் ஆண்டு நவம்பரில் கதவு, சன்னல்களுக்கு வரி விதிக்கும் சட்டம் வந்தது. வீட்டாரின் செல்வத்தை உள்ளே நுழைந்து ஆராயாமல், தெருவில் நின்றே வாயில்களை எண்ணி அறியலாம் என்பது அரசின் கணிப்பு. ஏழைகளும் வீட்டு உரிமையாளர்களும் வரிக்கு அஞ்சிச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். புதிதாகக் கட்டுவோர் சன்னல்களைக் குறைத்தனர். காற்றும் ஒளியும் விலைப்பொருளாயின. 1926-ஆம் ஆண்டில்தான் இவ்வரி ஒழிந்தது.

இவ்வரியின் கொடுமையை உலகறியச் செய்தவர் விக்டர் யூகோ. 1862-இல் வெளிவந்த அவருடைய பெருநாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்னும் பெயரில் தமிழருக்கு வழங்கினார். அதில் வரும் ஆயர் மிரியேல், கதவைத் தவிர வேறு திறப்பே இல்லாத குடிசைகள் நாட்டில் 3,46,000 உள்ளன என்று தம் மறையுரையில் எண்ணிக் காட்டுகிறார். தம் ஆயரகம் விசாலமாகவும், அண்டையிலுள்ள மருத்துவமனை நெருக்கடியாகவும் இருப்பதைக் கண்டு, மாளிகையை நோயாளருக்கு அளித்துவிட்டு அச்சிறு கட்டடத்தில் தாம் குடியேறுகிறார். அவ்வீட்டுக் கதவுக்குப் பூட்டில்லை. சிறையிலிருந்து வெளிவந்து எங்கும் இடம் கிடைக்காத ஒருவன் அக்கதவைத்தான் தட்டுகிறான். இக்கதைமாந்தருக்கு முன்மாதிரியாக அமைந்தவர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டிஞ் மறைமாவட்டத்தை ஆண்ட ஆயர் பியன்வெனு தெ மியோலிஸ்.

பாரிசு நகரில் ஏற்றத்தாழ்வு செங்குத்தாக நின்றது. 1853 முதல் 1870 வரை மாநில ஆளுநராயிருந்த ஓஸ்மான், பழைய குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். அச்சாலைகளின் இருமருங்கும் எழுந்த கட்டடங்களில், மின்தூக்கி வருமுன்னர், ஒருவர் ஏறும் படிகளே அவர் நிலையைச் சொல்லிவிடும். கீழ்த்தளத்தில் கடை, இரண்டாம் மாடியில் உயர்ந்த கூரையும் மேல்முகப்பும் உடைய செல்வர் இல்லம், மேலே செல்லச் செல்ல வாடகை குறையும். கூரையின் சரிவுக்கு அடியில், குளிரிலும் வெயிலிலும், பணிப்பெண்களுக்கான சிற்றறைகள். அவர்கள் ஏறிச் செல்வதற்குப் பின்புறம் தனிப் படிக்கட்டு இருந்தது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் படிக்கட்டில்கூடச் சந்திக்காத இரு உலகங்கள் அவை.

'என் வீடு'

ஏறக்குறைய அதே காலத்தில், படிக்கட்டின் வரிசையைத் தலைகீழாக மாற்றிய பெண்மணி ஒருவர் பிரித்தானி கடற்கரையில் வாழ்ந்தார். 1792-ஆம் ஆண்டு கான்கால் என்னும் மீனவர் ஊரில் பிறந்த ழான் ழுகான், இளமையில் பணிப்பெண்ணாக உழைத்தவர். 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சேன்-செர்வான் ஊரில், பார்வை இழந்து உடல் செயலற்றுப் போன மூதாட்டி ஒருவரைத் தம் வாடகைக் குடியிருப்பிற்குச் சுமந்து வந்தார். தம் கட்டிலை அவருக்கு அளித்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக்கொண்டார். அந்த ஒரு கட்டிலிலிருந்து 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை தோன்றிற்று.

அச்சகோதரியரின் முதியோர் இல்லங்கள் பிரான்சில் பூண்டிருக்கும் பெயரை நாம் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். காப்பகம் என்றோ விடுதி என்றோ அவற்றிற்குப் பெயரிடவில்லை. 'மா மெசோன்', அதாவது 'என் வீடு' என்பதே வாயிலில் காணும் பெயர். உள்ளே நுழையும் ஒவ்வொரு முதியவரும் அப்பெயரைத் தம் வாயாலேயே படிக்கிறார். படிக்கும்போதே அது அவருடைய வீடாகிவிடுகிறது. பிறர் தயவில் வாழ்கிறோம் என்னும் கூச்சத்தை இரண்டே சொற்கள் துடைத்துவிடுகின்றன. 1882-ஆம் ஆண்டு கொல்கத்தாவிற்கு வந்த இச்சகோதரியரின் பணி சென்னையிலும் நடைபெற்று வருகிறது.

பிறருக்கு வீடு தந்த ழான் ழுகானுக்குத் தாம் நிறுவிய சபையிலேயே இடம் சுருங்கிற்று. பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, நிறுவுநர் என்னும் பெயரும் மறைக்கப்பட்டு, இறுதி 27 ஆண்டுகளைத் துறவு இல்லத்தில் அமைதியாகக் கழித்தார். தாங்கள் வணங்கத்தக்க நிறுவுநர் இவரே என்பதை உடன் வாழ்ந்த இளம் நவசகோதரியர் பலர் அறியவில்லை. 1879-இல் இறந்த அவரைத் திருச்சபை 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று புனிதராக உயர்த்தியது.

முகவரியற்றோர்

வீடற்றவரைச் சட்டம் எப்பெயரால் அழைத்தது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. 1810-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், நிலையான உறைவிடமும் பிழைப்புக்கு வழியும் தொழிலும் இல்லாதவரை நாடோடி என வரையறுத்து, அந்நிலையையே குற்றமாக்கியது. மூன்று முதல் ஆறு மாதச் சிறை அதற்குத் தண்டனை. 'சான் அவெ' என்னும் பழைய பெயரையும் அச்சட்டம் அவர்களுக்குச் சூட்டியது. எந்தத் தலைவரும் இவர் என்னவர் என்று ஏற்றுச் சொல்லாத மனிதர் என்பது அதன் பொருள். திருட வேண்டியதில்லை, தாக்க வேண்டியதில்லை. யாருக்கும் உரியவராய் இல்லாதிருத்தலே குற்றமாயிற்று.

இச்சட்டம் வருவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன், 1783-இல், வடபிரான்சின் அமெத் ஊரைச் சேர்ந்த பெனடிக்ட் ஜோசப் லாபர் உரோமையில் இறந்தார். துறவு மடங்கள் பலவற்றில் இடம் கேட்டும் நிலைத்திருக்க இயலாத அவர், திருத்தலத்திற்குத் திருத்தலம் நடந்து, இரந்து உண்டு, இடிந்த கட்டடங்களின் நிழலில் உறங்கி வாழ்ந்தவர். திருச்சபை அவரை 1881-இல் புனிதராக அறிவித்தபோது, அவரைப் போன்ற ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் அவர் பிறந்த நாட்டில் நடைமுறையில் இருந்தது. பீடத்தில் வணங்கப்பட்டவரும் தெருவில் கைதானவரும் ஒரே கந்தலையே உடுத்தியிருந்தனர். 1994-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அக்குற்றம் ஏட்டிலிருந்து நீங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் வீட்டுப் பஞ்சம் கடுமையாயிற்று. 1954-ஆம் ஆண்டு கொடுங்குளிரில், வாடகை கட்ட இயலாமல் வெளியேற்றப்பட்ட பெண் ஒருவர் பாரிசின் செபஸ்தோபோல் சாலையில் உறைந்து இறந்தார். வெளியேற்ற ஆணைத் தாள் அவர் கையில் இருந்தது. பிப்ரவரி முதல் நாள், எம்மாவுஸ் இயக்கத்தை நிறுவிய அருள்திரு பியேர் இச்செய்தியை வானொலியில் எடுத்துரைத்துக் கம்பளியும் கூடாரமும் வேண்டினார். நாடெங்கும் மக்கள் பணமும் பொருளுமாய்க் கொண்டுவந்து குவித்தனர். 1956-ஆம் ஆண்டு டிசம்பரில், குளிர்காலத்தில் எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்னும் சட்டம் பிறந்தது. இன்று நவம்பர் முதல் மார்ச்சு இறுதிவரை அத்தடை நீடிக்கிறது.

இங்கே கசப்பான உண்மை ஒன்றையும் நாம் மறைத்தல் தகாது. 2007-இல் இறந்தபோது நாடே போற்றிய அந்த அருள்பணியாளர்மீது, பெண்கள் பலர் அளித்த பாலியல் வன்முறைச் சாட்சியங்களை எம்மாவுஸ் இயக்கமே 2024-ஆம் ஆண்டு சூலையில் வெளியிட்டது. தொடர்ந்து மேலும் பல சாட்சியங்கள் வந்தன. வீடற்றோருக்கென அவர் பெயரில் இயங்கிய அறக்கட்டளை 2025-இல் அப்பெயரைக் கைவிட்டது. வீடு என்பதன் முதற்பொருள் காப்பு. கூரையின்றி நின்றோருக்காக நாட்டையே எழுப்பிய ஒருவர், தம்மை நம்பி நெருங்கிய சிலருக்கு அக்காப்பை மறுத்தார் என்றால், அச்சிலரின் குரலைக் கேட்பதும் கதவைத் திறக்கும் செயலே ஆகும். அன்று விளைந்த நன்மை ஒருவருடைய சொத்தன்று; குளிரில் கம்பளி சுமந்து வந்த பல்லாயிரம் எளியவருடையது.

அருகிலேயே மற்றொரு நிகழ்வும் உண்டு. 1956-இல் நுவாசி-லெ-கிராந்து முகாமில், வளைந்த தகடுகளாலான குடில்களில் சேற்றில் வாழ்ந்த குடும்பங்களிடம் அருள்திரு ஜோசப் ரெசின்ஸ்கி சென்று அவர்களோடு தங்கினார். வறுமையில் பிறந்து வளர்ந்த அவர், இம்மக்கள் பிச்சையைக் காட்டிலும் மதிப்பையே தேடுகின்றனர் என உணர்ந்து, அடுத்த ஆண்டே அக்குடும்பங்களோடு சேர்ந்து ஓர் இயக்கம் கண்டார். 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று பாரிசில் அவர் நாட்டிய நினைவுக்கல்லை ஒட்டியே, ஐக்கிய நாடுகள் அவை 1992-இல் அந்நாளை வறுமை ஒழிப்பு நாளாக ஏற்றது.

வீடற்றவரைப் பிரெஞ்சு மொழி இன்று 'நிலையான உறைவிடம் இல்லாதவர்' என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளால் அழைக்கிறது. காவல் குறிப்பேட்டு மொழியிலிருந்து வந்த சுருக்கம் அது. 2007-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் சட்டம், வீடு பெறும் உரிமையை அரசிடம் வழக்காடிக் கேட்கத்தக்க உரிமையாக்கியது. வீடற்றவர் நகராட்சியின் நலப்பணி மையத்தையோ அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்பையோ தம் முகவரியாகக் கொண்டு கடிதங்களையும் உதவிகளையும் பெறவும் வழியுண்டு. சட்டங்கள் இருந்தும், தகுந்த வீடின்றி அல்லலுறுவோர் 42 இலட்சம் பேர் என்று அவ்வறக்கட்டளையின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

இரு மொழிகள் சந்தித்த இடம்

பிரெஞ்சு மொழியின் இவ்வீட்டுச் சொற்கள் நம் மண்ணுக்கும் வந்தன. பாரிசு மறைபரப்பு மன்றத்தின் குருக்கள் 1776-இல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்றனர். தங்கள் தலைமை இல்லத்தை அவர்கள் 'தாய் வீடு' என்றே அழைத்தனர். அதன் சிற்றாலயத்தில் விடைபெறும் நாளில், கூடியிருந்தோர் புறப்படும் இளங்குருக்களின் பாதங்களை முத்தமிட்டனர். புறப்பட்டவருள் பெரும்பாலோர் தாய் வீட்டையோ பிறந்த வீட்டையோ மீண்டும் காணவில்லை. அவர்களுள் இருவரான மூசே, துய்ப்புய் ஆகியோர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரு தொகுதிகளாகப் புதுச்சேரியில் அச்சேறியது.

வீட்டைத் துறந்து வந்தவர்கள் நம் 'வீடு' என்னும் சொல்லுக்குப் பொருள் தேடிய காட்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. 'மெசோன்' என்பது தங்குதலில் பிறந்தது. 'வீடு' என்பதோ விடுதலில் பிறந்தது. குடியிருக்கும் மனையும் வீடு. பற்றுகளை விட்டு உயிர் அடையும் பேறும் வீடு. ஒன்று, தங்கிச் செல் என்கிறது. மற்றொன்று, விட்டுச் செல் என்கிறது. வீடு நமக்கு என்றென்றும் உரியதன்று என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

தமிழுக்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. பிரெஞ்சு மொழியில் 'ஷே நூ' என்றால் எங்களிடத்தில் என்றும் பொருள். நம்மிடத்தில் என்றும் பொருள். வாயிலில் நிற்பவர் அதில் அடங்குவாரா என்பதை அச்சொல் வெளிப்படுத்துவதில்லை. தமிழில் அவ்வாறு மறைத்தல் இயலாது. எங்கள் வீடு என்றால் வந்தவர் வெளியே நிற்கிறார். நம் வீடு என்றால் அவர் உள்ளே வந்துவிட்டார். கதவைத் திறப்பதற்கு முன்பே நம் நா முடிவு செய்தாக வேண்டும்.

வாடகைக்கு வீடு கேட்டு வருபவரின் சாதியையும் சமயத்தையும் வினவிவிட்டுக் கதவடைக்கும் தெருக்கள் நம் பங்குகளிலும் உள்ளன. அயலாரின் கூட்டம் என்னும் பொருளில் பிறந்த பங்கில், அயலார் என்பதற்காக எவர்க்கும் இடம் மறுக்கப்படலாமா? தந்தையின் இல்லத்தில் நமக்கென உறைவிடம் உண்டு என்று நம்புகிறோம். அங்கே நாமும் வாடகையின்றி ஏற்கப்படும் விருந்தினரே. அந்நம்பிக்கை மெய்யாயின், இங்கே கதவு தட்டப்படும்போது நம் வாயில் முதலில் எழ வேண்டிய சொல், 'நம்' என்பதே.